ஒரு சேக்கலுக்கு எத்தனை திராக்மா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. சேக்கல் எபிரெயரின் வெள்ளி எடை, திராக்மா கிரேக்கருடையது, தாலந்து இரண்டு முறையிலும் வரும் பெரிய எடை. கிரேக்க வரலாற்று நூல்களில் ஒரு தாலந்து 6000 திராக்மா என்று இருக்கிறது. வேதாகமத்தின் யாத்திராகமத்தைக் கணக்குப் போட்டால் ஒரு தாலந்துக்கு 3000 சேக்கல் வருகிறது. அப்படியானால் ஒரு சேக்கல் இரண்டு திராக்மாதானே? ஆனால் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் நான்கு திராக்மா என்கிறார், கிராமில் போட்டால் 2.6 வருகிறது. இந்த மூன்றில் எது சரி, இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாசுக்குக் கொடுத்த முப்பது வெள்ளிக்காசை எதை வைத்து மாற்றுவது என்று கேட்கிறீர்கள்.

மூன்றுமே அதனதன் இடத்தில் சரிதான். சேக்கல் என்ற பெயரில் ஒரே ஓர் எடை இருந்ததில்லை, திராக்மாவும் அப்படித்தான். அதனால் விகிதத்தைத் தேடுவதற்கு முன்னால் எந்த ஊர்ச் சேக்கல், எந்த நூற்றாண்டுத் திராக்மா என்று கேட்க வேண்டும். உங்கள் முதல் கணக்கு தடுக்கி விழுந்தது தாலந்தில். இரண்டு தாலந்தும் ஒரே எடை என்று நீங்கள் நினைத்துக்கொண்டதால்தான் 2 வந்தது. எபிரெய மூலத்தில் இருக்கும் சொல் கிக்கார், வட்டமானது என்று பொருள். கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அந்த இடத்தில் தங்கள் தாலந்தோன் என்ற சொல்லைப் போட்டார்கள், அது தமிழில் தாலந்து ஆயிற்று. சொல் ஒன்றாயிற்றே தவிர எடை ஒன்றாகவில்லை.

முதலில் உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறைக்குள்ளும் இருக்கும் விகிதங்களில் பெரிய சந்தேகம் கிடையாது. ஏதென்ஸில் 6 ஓபோல் ஒரு திராக்மா, 100 திராக்மா ஒரு மினா, 60 மினா ஒரு தாலந்து. மினாவும் தாலந்தும் கணக்குப் பெயர்கள், அவற்றுக்கு நாணயம் கிடையாது. திராக்மாவின் எடை ஏறத்தாழ 4.3 கிராம். ஆந்தை பொறித்த நான்கு திராக்மா நாணயங்கள் ஏராளமாகக் கிடைத்திருப்பதால் இதை நம்பலாம், தேயாத ஒன்று 17.2 கிராம் அளவில் நிற்கும். இதன்படி மினா 430 கிராம், தாலந்து 25.8 கிலோ. சில நூல்கள் திராக்மாவை 4.36 என்று எடுத்துக்கொண்டு தாலந்தை 26 கிலோவுக்குச் சற்று மேலே சொல்லும். அந்த வித்தியாசத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது ஏகினா தீவின் அளவைப் பற்றித்தான். தென் கிரேக்கத்தின் பெலொப்பொனீசப் பகுதியில் பெரிதும் புழங்கிய அந்த அளவில் திராக்மா ஏறத்தாழ 6.1 கிராம். கி.மு. 420இல் ஏதென்ஸும் ஆர்கோசும் செய்த உடன்படிக்கையில் காலாள் ஒருவனுக்கு நாள்படி 'மூன்று ஏகினா ஓபோல்' என்று ஊர்ப்பெயரோடு எழுதினார்கள். அதை ஏதென்ஸ் ஓபோலில் மாற்றினால் நாலேகாலுக்கு மேல் வரும். ஊர்ப்பெயரை விட்டுவிட்டால் கூலியில் கால்பங்குக்கு மேல் காணாமல் போய்விடும்.

எபிரெய முறைக்கு வலுவான சான்று நீங்கள் எடுத்த யாத்திராகமம் 38தான். 6,03,550 பேர் தலைக்கு அரைச்சேக்கல் கொடுத்தார்கள், ஆக 3,01,775 சேக்கல். அதே தொகையை வசனம் 100 தாலந்தும் 1775 சேக்கலும் என்கிறது. 1775ஐக் கழித்தால் மிஞ்சுவது 3,00,000, அதை 100ஆல் வகுத்தால் தாலந்துக்குச் சரியாக 3000 சேக்கல். அரைச்சேக்கலுக்குப் பெக்கா என்று பெயர். சேக்கலுக்கு 20 கேரா என்று யாத்திராகமம் 30:13 சொல்கிறது.

இடையில் நிற்கும் மினாதான் சிக்கல். எசேக்கியேல் 45:12இல் எபிரெய மூலம் 20, 25, 15 சேக்கல் சேர்ந்து ஒரு மினா என்கிறது, அதாவது 60. அதே வசனம் கிரேக்கப் பிரதி ஒன்றில் 50 சேக்கல் என்று முடிகிறது. பாபிலோனில் மினாவுக்கு 60, சிரியக் கடற்கரையின் உகாரித்தில் 50 என்று இரண்டு வழக்கமும் அந்த வட்டாரத்திலேயே இருந்தன. யூதேயாவில் எந்தக் காலத்தில் எது நடந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அதனால் எபிரெயக் கணக்கில் முடிந்தவரை மினா வழியாகப் போகாதீர்கள். சேக்கலிலிருந்து நேரே தாலந்துக்கு ஏறுங்கள். மூலமே மினா என்று சொல்லும் இடத்தில் 50க்கு ஒரு விடை, 60க்கு ஒரு விடை என இரண்டையும் எழுதிவிடுங்கள்.

விகிதம் இருந்தால் மட்டும் போதாது, தட்டில் வைத்து நிறுத்துப் பார்க்கச் சேக்கலின் எடையும் வேண்டும். எருசலேமிலும் யூதாவின் மற்ற ஊர்களிலும் தோண்டி எடுத்த நிறைகற்கள் இங்கேதான் கைகொடுக்கின்றன. பெரும்பாலும் சுண்ணாம்புக்கல், அடி தட்டை, தலை உருண்டை. தலையில் ஒரு சுழி போன்ற குறி, பக்கத்தில் ஓர் எண். காலம் கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுகள். நூற்றுக்கணக்கில் நிறுத்துப் பார்த்ததில் ஒரு சேக்கலுக்குச் சராசரி 11.33 கிராம் வருகிறது.

அந்த எண்ணைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலரும் தவறுவது அங்கேதான். எண் எகிப்தியரின் ஹைராட்டிக் எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. '5' என்று வாசிக்கத்தக்க குறியுள்ள கல்லை நிறுத்தால் 45 கிராம் சொச்சம் வருகிறது. ஐந்தால் வகுத்தால் சேக்கல் 9.1 கிராம் என்று ஆகிவிடும். ஆனால் 1, 2 என்று குறித்த கற்கள் 11.3, 22.6 என்று நிற்கின்றன. அதாவது '5' என்ற கல் உண்மையில் 4 சேக்கல், '10' என்ற கல் 8 சேக்கல். எகிப்தின் கெதெத் 9.1 கிராம், பத்து கெதெத் ஒரு தெபென், அது 91 கிராம். எட்டுச் சேக்கல் 90.6 கிராம். யூதாவின் வணிகர் எகிப்தியரோடு கணக்கு ஒத்துப்போகும்படி கற்களை வைத்திருந்தார்கள் என்பதுதான் இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம், எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. எப்படியானாலும் கல்லின் மேல் இருக்கும் எண்ணை நம்பி வகுக்காதீர்கள்.

இந்தக் கற்களால் பழைய புதிர் ஒன்றும் தீர்ந்தது. 1 சாமுவேல் 13:21இல் வரும் 'பிம்' என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாமல் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அரம் என்று எழுதினார்கள். அதே சொல் வெட்டிய கற்கள் கிடைத்த பிறகுதான் அது ஏறத்தாழ 7.8 கிராம் எடை, பெலிஸ்தர் கலப்பை தீட்டுவதற்கு வாங்கிய கூலி என்று விளங்கியது.

இப்போது 2.6க்கு வருவோம். 11.33ஐ 4.3ஆல் வகுத்தால் 2.63. யூதாவின் அரசர் காலத்துச் சேக்கலை ஏதென்ஸ் திராக்மாவில் சொல்ல இந்த எண்தான். தாலந்துக்குத் தாலந்து பார்த்தால் யூதாவினுடையது 34 கிலோ, ஏதென்ஸினுடையது 25.8 கிலோ, ஒன்றுக்கு 1.32. ஆதியாகமம் 23இல் ஆபிரகாம் நிலத்துக்காக நிறுத்துக்கொடுத்த 400 சேக்கல் இந்தக் கணக்கில் 4.53 கிலோ, ஏறத்தாழ 1050 திராக்மா. ஆனால் அந்தக் கதை நடக்கும் காலத்துக்கு யூதாவின் நிறைகற்கள் பொருந்துமா என்பது வேறு கேள்வி. பாபிலோனியரின் 8.4 கிராம் சேக்கலைப் போட்டால் அது 3.36 கிலோதான், 780 திராக்மா. வியாபாரிகளிடத்தில் செல்லும் வெள்ளி என்று அந்த வசனமே சொல்வதைக் கவனியுங்கள். எந்தக் கல்லால் நிறுத்தது என்று சொல்ல வேண்டிய அவசியம் அன்றே இருந்திருக்கிறது.

2 என்ற எண் வேறு வழியிலும் வருகிறது, அது எழுபதின்மர் பெயர்ப்பு. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொடங்கிய அந்தக் கிரேக்கப் பெயர்ப்பு, வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களான ஐந்தாகமங்களில் சேக்கலைப் பெரும்பாலும் திதிராக்மோன், அதாவது இரட்டைத் திராக்மா என்று எழுதுகிறது. கிரேக்க அரச மரபினரான தாலெமியர் காலத்து எகிப்தில் திராக்மா ஏறத்தாழ 3.55 கிராம், இரட்டை 7.1. யூதாவின் 11.33க்கு அது பக்கத்தில்கூட வராது. பெயருக்குப் பெயர் வைத்தார்களே தவிர எடையைப் பார்த்து மாற்றவில்லை என்பதற்கு அவர்கள் பெயர்ப்பிலேயே சான்று இருக்கிறது. யாத்திராகமம் 30:13ஐ அவர்கள் '20 ஓபோல் ஒரு திதிராக்மோன்' என்று பெயர்த்திருக்கிறார்கள். கிரேக்க நாட்டில் எந்தக் கடைத்தெருவிலும் இரட்டைத் திராக்மாவுக்கு 12 ஓபோல்தான். கேரா இருந்த இடத்தில் ஓபோலை வைத்து, எபிரெயரின் 20ஐ அப்படியே விட்டுவிட்டார்கள். ஆகவே கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் வரும் திராக்மாவை ஏதென்ஸ் திராக்மா என்று கொண்டு கிராமுக்கு மாற்றுவது பிழை. அங்கே முதலில் எபிரெயச் சொல்லுக்குத் திரும்பிப் போய், அதன் பிறகுதான் எடை போட வேண்டும்.

இதே சொல் மத்தேயு 17:24இல் வேறு எடையோடு வருகிறது. தேவாலய வரியை அங்கே திதிராக்மா என்கிறார்கள், அந்த வரி தலைக்கு அரைச்சேக்கல். மீனின் வாயில் கிடைத்த ஸ்தாத்தேர் என்ற ஒரு நாணயம் 'எனக்காகவும் உனக்காகவும்' என இரண்டு பேருக்கும் போதுமானதாக இருந்தது. ஸ்தாத்தேர் இங்கே நான்கு திராக்மா, அதாவது ஒரு முழுச் சேக்கல். எழுபதின்மரிடம் திதிராக்மா முழுச் சேக்கல், மத்தேயுவிடம் அரை. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டுவிடும் கணிப்பான்கள் இருக்கின்றன, அவற்றில் விடை இரண்டு மடங்கு பிசகும்.

யோசேப்பஸின் நான்கும் இந்த மத்தேயு கணக்குத்தான். சேக்கல் நான்கு அட்டிக், அதாவது ஏதென்ஸ், திராக்மா பெறும் என்று அவர் எழுதியது கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில். அவர் மனத்தில் இருக்கும் சேக்கல் பெனிக்கியக் கடற்கரையின் தீரு பட்டணத்து வெள்ளி நாணயம். கி.மு. 126 வாக்கில் தொடங்கி ரோமருக்கு எதிரான யூதப் போர் மூண்ட காலம் வரை அடித்த அந்த நாணயம் ஏறத்தாழ 14 கிராம். தேவாலய வரி அந்த நாணயத்தில்தான் கட்டப்பட்டது. கி.பி. 66இல் கிளர்ச்சி செய்த யூதர்கள் 'இஸ்ரவேலின் சேக்கல்' என்று பொறித்துத் தாங்களே அடித்த நாணயமும் அதே 14 கிராம்தான். நான்கு அட்டிக் திராக்மா என்றால் 17.2 கிராம் அல்லவா வர வேண்டும் என்று கேட்பீர்கள். அவர் காலத்தில் அட்டிக் திராக்மா என்று வாயால் சொன்னது ரோமரின் வெள்ளி நாணயமான தெனாரியத்தைத்தான். அது முதலில் 3.9 கிராம் இருந்து, கி.பி. 64இல் ரோமப் பேரரசன் நீரோ குறைத்த பிறகு 3.4 ஆயிற்று. நான்கு தெனாரியம் 13.6 முதல் 15.6 கிராம், தீருவின் சேக்கலுக்கு அது சரியாகவே இருக்கிறது. பழைய ஏதென்ஸ் திராக்மாவில் சொல்ல வேண்டுமானால் தீருவின் சேக்கல் 3.3 திராக்மா. யோசேப்பஸ் சொன்னது செலாவணி விகிதம், அதை எடையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பாரசீகர் காலத்தில் இன்னொரு குழி இருக்கிறது. அவர்களுடைய வெள்ளி நாணயமான சிக்லோஸ் பெயரளவில் சேக்கல்தான். அது ஏழரை அட்டிக் ஓபோல் பெறும் என்று கிரேக்க எழுத்தாளர் செனபோன் எழுதியிருக்கிறார். 7.5ஐ ஓர் ஓபோலின் எடையான 0.717 கிராமால் பெருக்கினால் 5.4 கிராம். நாணயங்களும் 5.4 முதல் 5.6 வரை நிறுக்கின்றன, அவர் சொன்னது பொய்யில்லை. இதனால் நெகேமியா 5:15இல் முன்னிருந்த அதிபதிகள் வாங்கிய 40 சேக்கல் யூதாவின் கல்லில் 453 கிராம், சிக்லோஸ் என்றால் 220 கிராம். எது என்று வசனம் சொல்லவில்லை. இரண்டையும் எழுதுவதே நேர்மை.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸிடம் வரும் பாபிலோன் தாலந்தையும் சொல்லியாக வேண்டும். பிரதிகளில் எண் எப்படிக் கெடும், கணக்கு அதை எப்படித் திருத்தும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஒரு பாபிலோன் தாலந்து 70 யுபோயிய மினா என்று பிரதிகள் சொல்கின்றன. யுபோயா என்ற கிரேக்கத் தீவின் பெயரால் வழங்கிய அந்த அளவை நம் வேலைக்கு ஏதென்ஸ் அளவாகவே கொள்ளலாம். பாரசீக மன்னன் டேரியஸுக்கு மாகாணங்கள் கட்டிய வெள்ளியைக் கூட்டினால் 7740 தாலந்து, சிலிசியாவில் குதிரைப்படைக்குச் செலவான 140 போக 7600. மொத்த வருமானம் 14,560 யுபோயியத் தாலந்து என்று அவரே சொல்கிறார். அதில் இந்தியாவின் பொன்துகள் 360 தாலந்து, பொன் வெள்ளியைப் போல 13 மடங்கு என்று 4680. மீதி 9880. இப்போது 7600ஐ 70ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் 8867தான் வருகிறது. 70க்குப் பதில் 78 போட்டால் ஒன்று கூடாமல் குறையாமல் 9880. எனவே 78 என்று திருத்தி வாசிப்பதே முறை. அப்படிப் பார்த்தால் அந்தத் தாலந்து 33.5 கிலோ. 6000 சிக்லோஸை நிறுத்தாலும் ஏறத்தாழ அதுவே வரும். களிமண் பலகைகளில் உள்ள பாபிலோன் தாலந்தோ 30 கிலோ. பாபிலோன் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றின் எடையை மற்றொன்றில் போட்டால் பத்தில் ஒரு பங்கு பிசகிவிடும்.

தமிழ் வேதாகமத்தில் படிப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. லூக்கா 19இல் பத்து ஊழியருக்குக் கொடுத்த மினா தமிழில் ராத்தல். யோவான் 12இல் மரியாள் கொண்டுவந்த நளத தைலமும் ராத்தல், ஆனால் அங்கே மூலச் சொல் லித்ரா, அது ரோம ராத்தல், ஏறத்தாழ 327 கிராம். நம் ஊர்க் கடைகளில் முன்பு ராத்தல் என்றது 453 கிராம் ஆங்கில ராத்தலை. மூன்றும் வேறுவேறு. மினா 430 கிராமாக இருப்பதால் ஆங்கில ராத்தலைப் போட்டாலும் விடை சரியானது போலத் தோன்றும், அது தற்செயல். வெள்ளிப்பணமும் இப்படித்தான். மத்தேயு 18இல் நூறு வெள்ளிப்பணம் என்பது நூறு தெனாரியம், மீனின் வாயில் கிடைத்த வெள்ளிப்பணம் அதைப்போல நான்கு மடங்கு.

எல்லா முரண்பாட்டையும் அலகு மாற்றிச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பதும் தவறு. யூதாவின் அரசன் எசேக்கியா அசீரிய அரசன் சனகெரிபுக்கு 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கொடுத்தான் என்று 2 இராஜாக்கள் 18:14 சொல்கிறது. சனகெரிபின் கல்வெட்டு பொன்னை 30 என்றும் வெள்ளியை 800 என்றும் சொல்கிறது. அசீரியரிடம் கன மினா, இலகு மினா என இரண்டு வரிசை இருந்தது உண்மை. ஆனால் அவை ஒன்றுக்கு இரண்டு. 800க்கும் 300க்கும் உள்ள விகிதம் 2.67, பொன்னிலோ வித்தியாசமே இல்லை. இங்கே அலகு காரணமல்ல, இரண்டு பேரும் வேறுவேறு தொகையைச் சொல்கிறார்கள்.

கிராமுக்கு மாற்றும்போது நினைவில் வைக்க வேண்டியவை இன்னும் சில. அரசர் காலத்தில் வெள்ளியை எண்ணிக் கொடுக்கவில்லை, வெட்டிய துண்டுகளை நிறுத்துக் கொடுத்தார்கள். எடை சரியாக இருந்தாலும் உள்ளே எல்லாம் வெள்ளி என்று சொல்ல முடியாது. கி.மு. 12, 11ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சில புதையல்களில் செம்பைப் பாதிக்கு மேல் கலந்து, வெள்ளை நிறம் வர ஆர்செனிக் சேர்த்திருக்கிறார்கள். பையில் பெரிதும் சிறிதுமான நிறைகற்களை வைக்காதே என்று உபாகமம் 25 கட்டளையிடுவதும் வெறும் உபதேசம் இல்லை. ஒரே குறியுள்ள இரண்டு கற்கள் ஓரிரு விழுக்காடு வித்தியாசப்படுவது சாதாரணம். ஆகவே விடையில் இரண்டு இலக்கத்துக்கு மேல் உறுதி கொண்டாடாதீர்கள். 34 கிலோ என்று எழுதலாம், 33.99 கிலோ என்று எழுதினால் இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுகிறீர்கள். மத்தேயு 18இல் வரும், பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் உவமையில் கிராமே வேண்டாம். தாலந்துக்கு 6000 வைத்து 6 கோடி தெனாரியம், எதிரே சக ஊழியன் பட்ட கடன் 100 தெனாரியம். ஆறு லட்சத்துக்கு ஒன்று என்ற அந்த விகிதம்தான் உவமையின் உயிர்.

இனி முப்பது வெள்ளிக்காசு. மத்தேயு 26:15இல் மூலச் சொல் வெறுமனே வெள்ளிகள் என்றுதான் இருக்கிறது, எந்த நாணயம் என்று சொல்லவில்லை. ஆசாரியர் கையிலிருந்து வந்தது, தேவாலயத்தில் புழங்கியது தீருவின் சேக்கல் என்பதால் பெரும்பாலோர் அதையே கொள்கிறார்கள், நானும் அப்படித்தான் எழுதுவேன். 30ஐ 14ஆல் பெருக்கினால் 420 கிராம். பழைய ஏதென்ஸ் திராக்மாவில் எடைக்கு எடை 98, ஒரு மினாவுக்குச் சற்றுக் குறைவு. அன்றைய செலாவணியில் 120 தெனாரியம், நாளுக்கு ஒரு தெனாரியம் என்ற மத்தேயு 20இன் திராட்சத்தோட்டக் கூலிப்படி 120 வேலைநாள். யாத்திராகமம் 21:32இல் மாடு முட்டிச் செத்த அடிமைக்கு ஈடாகச் சொன்ன முப்பது சேக்கலோ யூதாவின் கல்லில் 340 கிராம். எண் ஒன்றாக இருந்தும் வெள்ளி 80 கிராம் வித்தியாசப்படுகிறது. இரண்டையும் ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் எண்ணை ஒப்பிடுங்கள், மத்தேயு சுட்டிக்காட்டுவதும் எண்ணைத்தான். எடையைத் தருவதானால் இரண்டுக்கும் பக்கத்தில் எந்தச் சேக்கல், ஒன்று எத்தனை கிராம் என்று எழுதிவிடுங்கள்.